கம்பைநல்லூரிலிருந்து கழிமுகம் வரை

தருமபுரி நகருக்கு வடகிழக்கே, தென்பெண்ணையாற்றுக்கு அண்மையில், வடக்கு அட்சரேகை ஏறத்தாழ 12.2 பாகையிலும் கிழக்குத் தீர்க்கரேகை ஏறத்தாழ 78.3 பாகையிலும் கம்பைநல்லூர் என்னும் பேரூர் அமைந்திருக்கிறது. ஓர் ஊரை இப்படி இரண்டு எண்களால் குறிப்பது நெடுங்காலமாக நில அளவையாளருக்கும் கப்பல் மாலுமிக்கும் மட்டுமே உரிய வழக்கமாக இருந்தது. இன்றோ இவ்வூர்க் கடைவீதியைக் கடந்து செல்லும் லாரியும், ஆழ்துளைக் கிணறு தோண்டும் போர் வண்டியும், 108 அவசர ஊர்தியும் அதே இரண்டு எண்களைத் தொடர்ந்து எங்கோ ஓர் அறையிலுள்ள திரைக்கு அனுப்பிக்கொண்டே நகர்கின்றன. புள்ளிக்குப் பின் ஒரே ஓர் இலக்கத்தோடு சொல்லப்படும் 12.2 என்னும் எண், பதினோரு கிலோமீட்டர் அகலமுள்ள ஒரு பட்டையைத்தான் குறிக்கும். ஒரு லாரியை அது ஒதுங்கி நிற்கும் புளியமரத்தோடு சேர்த்துச் சுட்ட வேண்டுமானால் புள்ளிக்குப் பின் ஐந்து இலக்கங்கள் வேண்டும், அப்போதுதான் குறிப்பு ஒரு மீட்டர் அளவுக்குக் கூர்மை பெறும்.

கம்பைநல்லூரில் தொடங்கி, தென்பெண்ணை பாயும் திசையிலேயே இருமத்தூர், ஊத்தங்கரை, சாத்தனூர் வழியாகக் கடலூர்க் கடற்கரை வரை செல்லும் பயணம் இந்த இடமறி கருவிகளைப் புரிந்துகொள்ள மிகப் பொருத்தமான பயணமாகும். ஏனெனில் சாலையில் ஓடும் வண்டி, காட்டிலிருந்து இறங்கி வரும் யானை, கடலில் நாள் கணக்கில் தங்கும் படகு ஆகிய மூன்றும் இந்த ஓர் ஆற்றின் படுகையிலேயே அடுத்தடுத்து எதிர்ப்படுகின்றன. இம்மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்துச் செல்பவருக்கு, கருவி எவ்வளவு துல்லியமாக இடம் சொல்கிறது என்ற கேள்வி மெல்லப் பின்னகர்ந்து, அக்கருவியைச் சுமப்பவருக்குத் திரும்ப ஏதேனும் செய்தி வருகிறதா என்ற கேள்வி முன்னே வந்து நிற்கும்.

கம்பைநல்லூருக்கு ரயிலில் வருவோர் சென்னை–சேலம் தடத்திலுள்ள மொரப்பூர் நிலையத்தில் இறங்கிப் பேருந்து பிடிப்பது வழக்கம். ஒரு காலத்தில் இதே மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கும் பின்னர் ஓசூருக்கும் குறுகிய பாதை ரயில் ஓடி, 1941இல் நிறுத்தப்பட்டது. இந்தத் தடத்தில் ரயில் எங்கே வருகிறது என்பதை நிலைய அதிகாரி ஒருவர் கையால் பதிந்து அடுத்தவருக்குச் சொல்வதே பல பத்தாண்டுகளாக நடைமுறையாக இருந்தது. இரண்டு நிலையங்களுக்கு நடுவே ரயில் எந்த இடத்தில் நிற்கிறது என்பது ஒருவருக்கும் தெரியாது. ரயில்வே தகவல் முறைமைகள் மையம் இஸ்ரோவுடன் இணைந்து உருவாக்கிய நிகழ்நேர ரயில் தகவல் அமைப்பு இந்த இடைவெளியை நிரப்பியது. இன்ஜினில் பொருத்தப்பட்ட கருவி 30 விநாடிகளுக்கு ஒருமுறை இடத்தையும் வேகத்தையும் தானே அனுப்புகிறது; 2022ஆம் ஆண்டுக்குள் முதற்கட்டமாக 2,700 இன்ஜின்களில் இது பொருத்தப்பட்டது. நடைமேடையில் மூட்டையோடு காத்திருக்கும் பயணியின் கைபேசியில் வண்டி எத்தனை கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது என்று தெரிவதற்குப் பின்னால் இவ்வளவு வேலை இருக்கிறது.

மொரப்பூரிலிருந்து வடமேற்கே செல்லும் வழியில், இக்கருவிகளின் அடிப்படையை விளக்கிவிடுவது பின்னால் வருவனவற்றுக்கு உதவும். செயற்கைக்கோள் மேலிருந்து வண்டியைப் பார்த்துக்கொண்டிருக்கிறது என்பது பரவலான நம்பிக்கை, உண்மை அதுவன்று. அமெரிக்காவின் ஜி.பி.எஸ். அமைப்பைச் சேர்ந்த முப்பதுக்கும் மேற்பட்ட செயற்கைக்கோள்கள் ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றிக்கொண்டு, தம்மிடமுள்ள அணுக்கடிகாரத்தின் நேரத்தையும் தாம் இருக்கும் இடத்தையும் ஓயாமல் ஒலிபரப்புகின்றன. கோயில் மணி யார் காதில் விழுகிறது என்று அறியாமல் ஒலிப்பதைப் போல, இந்தக் கோள்களுக்கும் தம்மைக் கேட்பவர் யார் என்று தெரியாது. வண்டியிலுள்ள கருவி குறைந்தது நான்கு கோள்களின் ஒலிபரப்பைப் பெற்று, ஒவ்வொன்றும் வந்து சேர எடுத்துக்கொண்ட நேரத்தைக் கணக்கிட்டு, அந்த நேரங்களிலிருந்து தொலைவுகளையும், தொலைவுகளிலிருந்து தன் இடத்தையும் தானே அறிந்துகொள்கிறது. கடிகாரத்தில் ஒரு விநாடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினாலும் தொலைவில் 300 மீட்டர் பிசகும். 2000ஆம் ஆண்டு மே மாதம் வரை அமெரிக்க அரசு பொதுமக்களுக்கான ஒலிபரப்பில் வேண்டுமென்றே பிழை கலந்து வந்தது. அது நீக்கப்பட்ட பிறகே தெருவிலுள்ள வண்டியைத் தெருவிலேயே காட்டும் கருவிகள் பிறந்தன. இந்தியாவும் 2013 ஜூலையில் தொடங்கி நாவிக் என்னும் தன் சொந்த வழிகாட்டிக் கோள்களை அனுப்பியது. அவற்றுள் சிலவற்றின் இறக்குமதி அணுக்கடிகாரங்கள் பழுதானதால், உள்நாட்டிலேயே செய்த ரூபிடியம் கடிகாரத்தோடு 2023 மே 29 அன்று என்.வி.எஸ்.-01 ஏவப்பட்டது.

இடம் அறிவது ஒரு வேலை. அறிந்த இடத்தைப் பிறருக்குச் சொல்வது முற்றிலும் வேறொரு வேலை. லாரியில் பொருத்தும் சாதாரணக் கருவிக்குள் ஒரு சிம் அட்டை இருக்கிறது. கோள்களிடமிருந்து பெற்ற இடத்தை அது கைபேசிக் கோபுரம் வழியாகத்தான் உரிமையாளருக்கு அனுப்புகிறது. ஆகவே கோபுரம் எட்டாத மலைச்சரிவில் வண்டி நுழைந்ததும் திரையிலுள்ள புள்ளி அப்படியே நின்றுவிடும். கருவி தன் நினைவகத்தில் சேமித்து வைத்த இடங்களை மறுபடி கோபுரம் கிடைத்ததும் மொத்தமாகக் கொட்டும். கோபுரமே இல்லாத காட்டிலும் கடலிலும் செய்தியைச் சுமக்கவும் செயற்கைக்கோள் வேண்டும். ஏறத்தாழ 780 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் 66 கோள்களைக் கொண்ட இரிடியம் போன்ற அமைப்புகள் அதற்கானவை. சந்தையில் இவ்விரு வகைக் கருவிகளுக்கும் ஒரே பெயர் வழங்குவதால், வாங்குவோர் பலர் இந்த வேறுபாட்டை அறியாமலேயே வாங்குகின்றனர்.

கம்பைநல்லூர், அரூர், ஊத்தங்கரை வட்டாரம் மழையை நம்பிய மேட்டு நிலம். நிலத்தடி நீருக்காக எப்போதும் எங்கேனும் ஓரிடத்தில் போர் வண்டியின் இரைச்சல் கேட்கும் நாடு இது. திருச்செங்கோட்டைத் தாயகமாகக் கொண்ட இந்த வண்டிகள் இந்தியா முழுவதும் சென்று துளையிடுபவை. துளைக்கும் வண்டியும் கம்ப்ரசர் வண்டியும் சேர்ந்தால் ஒரு குடும்பத்தின் முழுச் சொத்தும் அதில் அடங்கிவிடும். கடன் கொடுத்த நிதி நிறுவனமும் வாங்கிய உரிமையாளரும் அந்த வண்டி எந்த மாநிலத்தில் நிற்கிறது என்பதை அறிய விரும்புவது இயல்பே. ஜேசிபி, பொக்லைன், நெல் அறுக்கும் எந்திரம் ஆகியவற்றிலும் இதே கருவிதான். இன்ஜின் எத்தனை மணி நேரம் ஓடியது, டீசல் தொட்டியின் அளவு எப்போது திடீரென்று இறங்கியது, வரைந்து வைத்த எல்லைக் கோட்டை வண்டி எப்போது தாண்டியது என்பனவற்றை அது சொல்கிறது; ரிலே இணைத்திருந்தால் தொலைவிலிருந்தே இன்ஜினை நிறுத்தவும் முடிகிறது.

களவு போன உடைமையைத் தேடி மீட்பது இந்த மண்ணுக்குப் புதிய கவலையன்று. தருமபுரியும் செங்கமும் தமிழகத்தில் நடுகற்கள் மிகுந்த பகுதிகள். அக்கற்களில் பெரும்பாலானவை, பகைவர் கவர்ந்து சென்ற தொறுவை, அதாவது மாட்டு மந்தையை, மீட்கப் போய் உயிர்விட்ட வீரருக்கு எடுக்கப்பட்டவை. நடமாடும் செல்வம் களவு போனால் கால்தடம் பார்த்துப் பின்செல்வதைத் தவிர அக்காலத்தில் வேறு வழியில்லை, பின்சென்றவன் திரும்புவான் என்பதற்கும் உறுதியில்லை. இன்று கால்தடத்தின் இடத்தைக் கருவி பிடித்துக்கொண்டதால் ஒருவரும் உயிர்விடாமல் ஒரு டிராக்டர் மீட்கப்படுமானால், அது மனதார வரவேற்கத்தக்க மாற்றமே.

ஆனால் வண்டியில் கருவி மட்டும் செல்வதில்லை, ஓட்டுநரும் செல்கிறார். தேநீருக்கு நிறுத்திய நிமிடங்கள் முதல் இரவில் உறங்கிய மணிகள் வரை உரிமையாளரின் திரையில் விழுகின்றன. ஓட்டுநரின் திரையில் எதுவும் விழுவதில்லை. 2012 டிசம்பரில் டெல்லியில் ஓடும் பேருந்தில் நிகழ்ந்த பாலியல் வன்கொடுமைக்குப் பிறகு வகுக்கப்பட்ட ஏ.ஐ.எஸ். 140 என்னும் தரக்கட்டளை இதில் ஒரு படி முன்னே சென்றது. 2019 ஜனவரி 1 முதல் பதிவாகும் புதிய பொதுப் பயணியர் வாகனங்களில் இடமறி கருவியோடு அவசரப் பொத்தானும் இருக்க வேண்டும் என்று அது கட்டளையிட்டது. இருசக்கர, மூன்று சக்கர வாகனங்களுக்கு விலக்கு உண்டு. பொத்தான் என்பது வண்டிக்குள் இருப்பவர் வெளியே பேசும் வழி. அந்தப் பேச்சைக் கேட்க இரவும் பகலும் ஆள் அமர்ந்திருக்கும் கட்டுப்பாட்டு மையம் இருந்தால் மட்டுமே பொத்தானுக்குப் பொருளுண்டு. கருவியைப் பொருத்துவது ஒரு நாள் வேலை, மையத்தை நடத்துவது என்றென்றைக்குமான வேலை. சட்டம் இயற்றுவோர் முதலாவதில் காட்டிய முனைப்பை இரண்டாவதிலும் காட்ட வேண்டியிருக்கிறது. இதற்கு நேர்மாறாக, 2008 செப்டம்பரில் தமிழகத்தில் தொடங்கிய 108 அவசர ஊர்திச் சேவை மையத்தை முதலில் கட்டியது, அதனுடன் வண்டிகளை இணைத்தது. அழைப்பு வந்த இடத்துக்கு எந்த ஊர்தி அண்மையில் இருக்கிறது என்று மையம் பார்த்து அனுப்புவதால், அங்கே இடமறி கருவியின் பயன் நேராக நோயாளியைச் சென்றடைகிறது.

கம்பைநல்லூரை அடுத்துள்ள கெலவள்ளி ஏரிக்கரை இந்தப் பயணத்தில் நின்று நோக்க வேண்டிய இடம். 2023 மார்ச் 18 அன்று, காட்டை விட்டு வெகுதூரம் வந்துவிட்ட ஆண் யானை ஒன்று, ஏரிக்கரை மேட்டில் ஏறும்போது தாழ்வாகச் சென்ற மின்கம்பியில் உரசி, ஏறிய இடத்திலேயே விழுந்து இறந்தது. கைபேசியில் பதிவான அக்காட்சி தமிழகம் முழுவதும் பரவியது. அதற்குப் பதினொரு நாட்களுக்கு முன்புதான், இதே மாவட்டத்தின் மாரண்டஅள்ளி அருகே வயலைச் சுற்றிச் சட்டவிரோதமாக இழுக்கப்பட்டிருந்த மின்கம்பியில் சிக்கி மூன்று யானைகள் இறந்து, இரண்டு குட்டிகள் மட்டும் தப்பியிருந்தன. இரண்டு வாரங்களுக்குள் நான்கு யானைகளை ஒரு மாவட்டம் மின்சாரத்துக்குப் பறிகொடுத்தது.

கெலவள்ளியின் துயரம் இடமறி கருவிகளைப் பற்றிச் சிந்திப்போரை ஆழமாக உலுக்க வேண்டியது. அந்த யானை எங்கே இருக்கிறது என்பது தெரியாமல் அது இறக்கவில்லை. வனத்துறையினர் அதைப் பின்தொடர்ந்துகொண்டிருந்தனர். ஊர் மக்கள் பார்த்துக்கொண்டிருந்தனர். அது ஏரிக்கரையை நோக்கி நடப்பது அத்தனை கண்களுக்கும் தெரிந்திருந்தது. தெரியாமல் போனது, அல்லது தெரிந்தும் உரிய நேரத்தில் போய்ச் சேராமல் போனது, அந்தக் கரைக்கு மேலே கம்பி எவ்வளவு தாழ்ந்து தொங்குகிறது என்பதும், அதில் பாயும் மின்சாரத்தை நிறுத்தும் கை எங்கே இருக்கிறது என்பதுமே. யானையின் பாதை ஒரு துறையின் அறிவாகவும் கம்பியின் உயரம் மற்றொரு துறையின் அறிவாகவும் பிரிந்து கிடந்தால், செயற்கைக்கோள் தரும் ஐந்து இலக்கத் துல்லியம் அந்த இடைவெளியை மூடாது. அதே 2023ஆம் ஆண்டில் தமிழக அரசு மின்வேலிகளைப் பதிவு செய்து ஒழுங்குபடுத்தும் விதிகளைக் கொண்டுவந்தது. தாழ்ந்த கம்பிகளின் இடங்களும் யானைத் தடங்களும் ஒரே வரைபடத்தில் ஏறி, அந்த வரைபடம் துணைமின் நிலையத்தில் பணியாற்றுபவரின் மேசையில் இருப்பது அதற்கடுத்த படி.

யானைக்குக் கருவி பொருத்திய கதை ஒன்று தருமபுரியிலிருந்தே தொடங்குகிறது. பாலக்கோடு பகுதியில் பயிர்களில் இறங்கிவந்த மக்னா ஒன்று, அதாவது தந்தமில்லாத ஆண் யானை, 2023 பிப்ரவரி 5 அன்று சின்னத்தம்பி என்னும் கும்கியின், அதாவது பழக்கப்பட்ட யானையின், துணையோடு பிடிக்கப்பட்டது. ரேடியோ காலர் எனப்படும் கழுத்துப்பட்டையைப் பூட்டி, ஆனைமலைப் புலிகள் காப்பகத்தின் வரகளியாறு காட்டில் அது விடப்பட்டது. அந்தப் பட்டையின் மேற்புறத்தில் இடமறியும் கருவியும் அலைபரப்பியும், கழுத்தின் அடிப்புறத்தில் எடைக்கட்டியும் இருக்கும். எடைக்கட்டி கீழே இழுப்பதால் கருவி எப்போதும் வானத்தை நோக்கியே நிற்கும். மக்னாவோ புதிய காட்டில் தங்கவில்லை. பொள்ளாச்சியைக் கடந்து, மதுக்கரை வழியாகக் கோவை நகரின் ஓரம் வரை நடந்து வந்தது. பிப்ரவரி 23 அன்று பேரூர் அருகே மறுபடி பிடிக்கப்பட்டு ஆனைமலைக்கே கொண்டுசெல்லப்பட்டது. ஜூலை இறுதியில் மூன்றாம் முறையும் பிடிக்கப்பட்டது. அதைப் பிடிக்க வந்த சின்னத்தம்பியே 2019இல் கோவைத் தடாகத்தில் பிடிக்கப்பட்டு, காலர் பூட்டி டாப்சிலிப்பில் விடப்பட்டு, அங்கிருந்து உடுமலை வரை நடந்து வந்ததனால் கும்கியாக்கப்பட்ட காட்டு யானைதான். காலர் அவற்றின் ஒவ்வோர் அடியையும் சொன்னது. பிறந்து திரிந்த காட்டை விட்டுப் பெயர்க்கப்பட்ட உயிர் திரும்பி நடக்கும் என்பதை அந்தப் புள்ளிகளின் வரிசை தெளிவாகவே எழுதிக் காட்டியது. ஆயினும் முடிவெடுப்போர் அதைப் படிப்பதற்கு முன் ஒவ்வொரு முறையும் துப்பாக்கியில் மயக்க மருந்து ஏறிவிடுகிறது.

மக்னா நடந்து வந்த அதே மதுக்கரையில், 2024 பிப்ரவரியில், வேறு வகையான ஏற்பாடு ஒன்று நடைமுறைக்கு வந்தது. அங்கே யானையின் கழுத்தில் எதுவும் இல்லை. ரயில் பாதையை ஒட்டிய காட்டில் கோபுரங்களும், வெப்பத்தை உணரும் கேமராக்களும் நிறுவப்பட்டு, யானை பாதையை நெருங்கியதும் கணினி அதை இனங்கண்டு கட்டுப்பாட்டறைக்குச் சொல்ல, அங்கிருந்து ரயில் ஓட்டுநருக்கு எச்சரிக்கை செல்கிறது. வண்டியின் வேகத்தைக் குறைக்கக்கூடியவரின் காதிலேயே செய்தி விழுவதால், இது காலரைவிட எளிய கருவியாக இருந்தும் காலரைவிட முழுமையான ஏற்பாடு. கெலவள்ளிக்குத் தேவைப்பட்டது இத்தகைய ஒன்றே.

இருமத்தூர்ப் பாலத்தில் தென்பெண்ணையைக் கடந்து ஊத்தங்கரைப் பக்கம் செல்வோருக்கு, 2024 டிசம்பர் தொடக்கம் நினைவுக்கு வராமல் போகாது. ஃபெஞ்சல் புயலின் எச்சம் இப்பகுதியின் மேல் நின்றபோது ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது; பேருந்து நிலையப் பகுதியில் சாலையோரம் நிறுத்தப்பட்டிருந்த வேன்களும் கார்களும் வெள்ளத்தில் இழுபட்டுச் சென்றன. வாடகைக்கு ஓடும் வாகனங்களில் கருவி இருந்திருந்தால், ஓட்டுநர் இல்லாமலே வண்டி நகர்வதை அது உரிமையாளருக்குச் சொல்லியிருக்கும். ஏரி நிரம்புகிறது, வண்டியை மேட்டுக்கு நகர்த்து என்று முந்தைய இரவே சொல்லியிருக்காது. அந்நாட்களில் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கும் மேல் திறந்துவிடப்பட்ட நீர் விழுப்புரம், கடலூர் மாவட்டங்களின் ஆற்றோர ஊர்களை மூழ்கடித்தது. அணையைத் தாண்டிக் கடலூர் வரை ஆற்றின் போக்கில் செல்லும் சாலைகளில் இந்தக் கட்டுரையின் பொருளுக்குப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. கடல்தான் அடுத்த இடம்.

கடலூர்த் துறைமுகத்தில் விசைப்படகுகளின் மேற்கூரையில் வெள்ளை நிறச் சிறு பெட்டிகளையும் அலைவாங்கிகளையும் காணலாம். ஆழ்கடலில் கைபேசிக் கோபுரம் இல்லை. வயர்லெஸ் கருவியின் எட்டமும் குறைவு. மற்ற நாடுகளில் பாய்மரப் படகோட்டிகளும் மலையேறிகளும் கடையில் வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளும் செயற்கைக்கோள் செய்திக் கருவிகளை இந்தியாவில் உரிமம் இல்லாமல் வைத்திருப்பது குற்றம். 2008 நவம்பரில் மும்பையைத் தாக்கியவர்கள் குபேர் என்னும் குஜராத் மீன்பிடிப் படகைக் கைப்பற்றி அதிலேயே வந்தது கடல் கண்காணிப்பைப் பற்றிய அரசின் பார்வையை மாற்றியது; அதன் பின் படகுகளை அடையாளங்காணும் ஏற்பாடுகள் இறுகின. இந்தத் தடைகளின் நியாயம் எதுவாயினும், அவற்றின் விளைவு ஒன்றே: மீனவர் தாமாக விலை கொடுத்து இத்தகைய பாதுகாப்பைப் பெற இயலாது, அரசு தரும் கருவிக்குக் காத்திருக்க வேண்டும். ஆகவே அரசு தரும் கருவி நல்லதாக இருக்க வேண்டிய கடமை இரட்டிப்பாகிறது.

இஸ்ரோ உருவாக்கிய ஆபத்து எச்சரிக்கை அனுப்பி 2010 முதல் பயன்பாட்டில் இருக்கிறது. இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட கருவிகள் வழங்கப்பட்டன. படகு மூழ்கும்போதோ தீப்பற்றும்போதோ உடல்நலம் குன்றும்போதோ பொத்தானை அழுத்தினால், படகின் இடத்தோடு செய்தி செயற்கைக்கோள் வழியே சென்னையிலுள்ள கடலோரக் காவல்படையின் மீட்பு ஒருங்கிணைப்பு மையத்தை அடையும். அந்த முதல் தலைமுறைக் கருவியில் ஒரு பெருங்குறை இருந்தது. அழுத்தியவருக்குத் தம் குரல் கேட்கப்பட்டதா என்று தெரியாது. இருட்டில், புயலில், படகின் அடித்தட்டில் நீர் ஏறும்போது, யாரேனும் வருகிறார்களா, படகிலேயே இருப்பதா, மிதவையைப் பிடித்துக் குதிப்பதா என்று முடிவெடுக்க வேண்டிய மனிதருக்கு அந்த அறியாமை எத்தகைய சித்திரவதை என்பதைக் கரையில் இருந்தபடி முழுமையாக உணர முடியாது. 2024 ஜனவரியில் இஸ்ரோ அறிவித்த இரண்டாம் தலைமுறைக் கருவி இந்தக் குறையைத்தான் தீர்த்தது. செய்தி கிடைத்தது என்ற ஒப்புகை படகுக்குத் திரும்ப வருகிறது. மையத்திலிருந்து புயல், சுனாமி எச்சரிக்கைகளையும் மீன் கிடைக்கக்கூடிய பகுதிகளின் விவரத்தையும் அனுப்பலாம். புளூடூத் மூலம் கைபேசியோடு இணைத்துத் தாய்மொழியிலேயே படிக்கலாம்.

இந்தத் திரும்பும் வழி எவ்வளவு பெரியது என்பதற்கு ஒக்கி புயலே சான்று. 2017 நவம்பர் 29 அன்று இலங்கைக்கு அருகே தாழ்வு மண்டலமாக இருந்தது மறுநாளே புயலாகிக் குமரிக் கடலைத் தாக்கியது. குமரி மாவட்டத்தின் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை முதலிய கரைகளைச் சேர்ந்த ஆழ்கடல் மீனவர்கள் வாரக்கணக்கில் தங்கி மீன்பிடிப்பவர்கள். எச்சரிக்கை வெளியானபோது அவர்கள் கரையிலிருந்து பல நாள் தொலைவில் இருந்தனர். வானொலியும் தொலைக்காட்சியும் கைபேசியும் கரையில் இருந்தவர்க்கே சொல்லின. தமிழகத்திலும் கேரளத்திலும் நூற்றுக்கணக்கான மீனவர்கள் மாண்டனர் அல்லது காணாமற்போயினர். அதன் பிறகே, ஹைதராபாத்திலுள்ள இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம் 2019 அக்டோபரில் ஜெமினி என்னும் கருவியைக் கொண்டுவந்தது. ககன் என்னும் இந்திய வழிகாட்டி அமைப்பின் செயற்கைக்கோள்களின் ஒலிபரப்பைப் பெற்றுக் கைபேசிக்கு எச்சரிக்கை தரும் அது, ஆழ்கடலுக்குச் சொல்லும் கருவி, ஆழ்கடலிலிருந்து கேட்கும் கருவியன்று. இரு திசைகளையும் ஒன்றாகச் சேர்த்ததே இப்போது விசைப்படகுகளில் காணும் டிரான்ஸ்பாண்டர். தமிழகத்தில் ஏறத்தாழ 5,000 விசைப்படகுகளில் இதைப் பொருத்தும் பணி முதலில் எடுத்துக்கொள்ளப்பட்டது. பின்னர் நாடு முழுவதும் ஒரு லட்சம் படகுகளுக்கு 364 கோடி ரூபாயில் இலவசமாக வழங்கும் திட்டத்தைப் பிரதமர் மோடி 2024 ஆகஸ்ட் 30 அன்று மகாராட்டிரத்தின் பால்கரில் தொடங்கிவைத்தார். முழுச் செலவையும் வகுத்துப் பார்த்தால் படகுக்கு 36,400 ரூபாய். ஒரு படகிலுள்ள உயிர்களின் எண்ணிக்கையை நினைத்தால் இது சிறிய தொகையே.

அதே பெட்டி, படகு எல்லைக் கோட்டை நெருங்குவதையும் காட்டிக்கொடுக்கிறது. 1974, 1976 ஒப்பந்தங்களால் வரையப்பட்ட இந்திய–இலங்கைக் கடல் எல்லை பாக் நீரிணையில் கரைக்கு மிக அருகே ஓடுகிறது. நெருங்குகிறாய், திரும்பு என்று ஓட்டுநருக்கு முன்கூட்டியே சொல்வதற்கு அப்பதிவு பயன்படுமானால் அது கைதிலிருந்து காக்கும். பின்னாளில் மானியத்தையோ உரிமத்தையோ பறிப்பதற்கான சான்றாக மட்டும் பயன்படுமானால், கருவியின் மின்இணைப்பைக் கழற்றி வைக்கும் ஆசை யாருக்கும் எழும். கழற்றி வைத்த இரவில் புயல் வந்தால் அந்தப் படகைத் தேட வழியிருக்காது. பதிவுகள் யாரிடம், எத்தனை காலம், எதற்காக இருக்கும் என்பதைப் படகு உரிமையாளர் சங்கங்களோடு பேசி எழுத்தில் வைப்பது உயிர்காப்புப் பணியின் ஒரு பகுதியே ஆகும்.

கடலில் கிடக்கும் விலையுயர்ந்த பொருள்களிலும், தகவல் திரும்பி வந்தால்தான் ஒத்துழைப்பு கிடைக்கும் என்ற இதே உறவு தென்படுகிறது. சென்னைப் பள்ளிக்கரணையிலுள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம் வங்கக் கடலிலும் அரபிக் கடலிலும் நங்கூரமிட்டு நிறுத்தியுள்ள மிதவைகள் காற்றையும் அலையையும் நீரின் வெப்பத்தையும் அளந்து செயற்கைக்கோள் வழியே அனுப்புகின்றன; புயல் கணிப்புக்கு அவை அடிப்படை. நங்கூரக் கயிறு அறுந்து மிதவை தன் வட்டத்தை விட்டு விலகினால் அது அனுப்பும் இடமே காட்டிக்கொடுக்கும், கப்பல் சென்று மீட்டு வரும். மிதவையின் நிழலில் மீன் கூடுவதால் படகுகள் அதில் கட்டப்படுவதும், அதனால் கருவிகள் சேதமாவதும் நெடுநாள் சிக்கல். அந்த மிதவை அளந்த அலையின் உயரம் அன்று மாலையே அந்தப் படகின் கைபேசிக்கு வந்து சேரும் நிலை உண்டானால், மிதவைக்கு முதல் காவலர் மீனவராகவே இருப்பார். அபராத அறிவிப்புகளால் அது ஆகாது.

கடலூருக்கு வடக்கே, தாழங்குடாவை ஒட்டித் தென்பெண்ணை கடலில் கலக்கிறது. 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி அறுநூறுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோன மாவட்டத்தின் கரை இது. இங்கே மணலில் ஏற்றி வைக்கப்பட்டிருப்பவை ஃபைபர் படகுகள். வெளிப்புற இன்ஜின் பூட்டியவை, மேற்கூரை இல்லாதவை, பெட்டியை ஆணி அடித்து நிறுத்த இடமில்லாதவை. கையடக்க ஜி.பி.எஸ். ஒன்றைப் பாலித்தீன் பையில் சுற்றி எடுத்துச் செல்லும் இந்தப் படகோட்டிகளுக்குத் தம் இடம் தெரியும், கரைக்கு அது தெரியாது. தமிழகத்தில் டிரான்ஸ்பாண்டர் பணி விசைப்படகிலிருந்து தொடங்கியதற்குக் காரணம் உண்டு. அவை தொலைவு செல்பவை, மின்கலம் உடையவை. ஆனால் சிறிய படகு சிறிய அலையிலேயே கவிழும். உப்பு நீரில் நனைந்தாலும் கெடாத, தனி மின்கலத்தோடு இயங்கும், ஒப்புகைச் செய்தி வந்ததும் கைபேசியைத் தேடாமலேயே தெரியும்படி ஒரு விளக்கு எரியும் சிறு கருவி இவர்களுக்கு வேண்டும். அதன் முதல் சோதனையைத் தாழங்குடா, தேவனாம்பட்டினம் போன்ற கரைகளில், அந்த மீனவர்களையே உடன் வைத்துக்கொண்டு, வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்கு முன் நடத்துவது மீன்வளத் துறைக்கும் இஸ்ரோவுக்கும் இயலாத காரியமன்று.